முப்பத்திரண்டாவது சாண்

சூளைப்பட்டி மலை வளர்ந்த கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் கடலிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள், கடலைப் பார்க்க வேண்டும் என்று ஊர் ஆசைப்பட்டதில்தான் எல்லாம் கெட்டது என்பார்கள், அதை நம்பாதீர்கள். ஆரம்பம் வீரணனின் டீக்கடையில், சித்திரை மாதத்து முற்பகல் ஒன்றில், அவன் பெண்டாட்டி பவுனுத்தாயின் இடது தோளில்.

அந்தப் பக்கத்தில் ஐந்து மலைகள். எந்தக் காலத்திலோ நெருப்பைக் கக்கி, கக்கிக் களைத்து, அணைந்துபோனவை. ஒவ்வொன்றின் உச்சியிலும் கொப்பரை போல ஒரு குழி, சரிவெல்லாம் கால் வைத்தால் கணுக்கால் வரை புதைகிற கறுப்புத் தூள், அதற்குள் தண்ணீரில் போட்டால் மிதக்கிற நுரைக்கல். பட்டணத்து ஜனங்கள் சனி ஞாயிறுகளில் தொப்பி வைத்துக்கொண்டு, முதுகில் பை மாட்டிக்கொண்டு, கம்பு ஊன்றி இந்த மலைகளில் ஏறுவார்கள், உச்சியில் வியூ பாயிண்ட் என்று பலகை நட்ட இடத்தில் நின்று மூச்சு வாங்குவார்கள், ஆகா என்பார்கள், அடுத்த மலைக்குப் போவார்கள். ஐந்தாவது மலைக்கு மட்டும், சூளைப்பட்டிக்காரர்களின் குட்டைக் கொப்பரைக்கு மட்டும், யாரும் வருவதில்லை, ஏனென்றால் அதன்மேல் ஏறி நின்றால் மற்ற நான்கு மலைகளின் முதுகுதான் தெரியும். எதிரே இருக்கும் மேலத்தடத்து மலை உச்சியிலிருந்து பார்த்தால் கிழக்கே கடலே தெரியும். அதனால் மேலத்தடத்தில் மூன்று லாட்ஜ் இருந்தது, சூளைப்பட்டியில் வீரணனின் டீக்கடை இருந்தது.

வீரணன் டீக்கடைக்காரன் மட்டுமல்ல, மலைக்கு வழிகாட்டியும்கூட, ஆள் வந்தால். அன்றைக்கு வழி தவறி வந்த ஐந்து பேரை அவன் பேசிப் பேசி மலைமேல் கூட்டிப்போனான், அவர்கள் ஒன்றுமே தெரியாமல் தூசியும் வியர்வையுமாக இறங்கி வந்தார்கள். ஒருவர், இந்த மேட்டில் ஏறியதற்கு என் வீட்டு மொட்டை மாடியில் ஏறியிருக்கலாம் என்றார், மற்ற நால்வரும் சிரித்தார்கள். சிரித்தவர்களை அடிக்க முடியாது. அந்த நேரம் பார்த்து டீ கொண்டுவந்த பவுனுத்தாயை, ஆறிப்போனதைக் கொண்டுவந்து நீட்டுகிறாயா என்று, கையிலிருந்த மூங்கில் கம்பால் தோளில் ஒரு போடு போட்டான். அவள் டீயைச் சிந்தாமல் பலகையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அப்போது குட்டைக் கொப்பரை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நெல் மூட்டையை இறக்கி வைக்கிற சத்தத்தோடு ஒரு சாண் உயர்ந்தது.

வந்தவர்கள் டீயைக் குடித்து முடித்தார்கள். கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த தவசி, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், வேலை போய் ஆறு வருஷமாகியும் கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டிருக்கிற மனிதர், ஒரு கண்ணை மூடிக் கட்டை விரலை நீட்டி மலையை அளந்து பார்த்துவிட்டு, எதற்கும் இன்னொன்று போட்டுப் பார் என்று வீரணனிடம் சொன்னார். வீரணன் உள்ளே போய்ப் போட்டான். மலை இன்னொரு சாண் உயர்ந்தது. தவசி, வண்டி கிளம்பலாம் என்பதற்குக் கொடுப்பாரே, அந்த இரட்டை விசிலைக் கொடுத்தார்.

அதற்கப்புறம் ஊர் அந்தச் சங்கதியோடு பழகிக்கொண்ட அழகைச் சொல்ல வேண்டும். தவசி தலைமையில் மலைக் கமிட்டி ஒன்று உண்டாயிற்று. மழைக்காக விரதம் இருக்கிறோம், மகசூலுக்காகக் கிடா வெட்டுகிறோம், மலைக்காக நாலு அடி தாங்க மாட்டோமா என்று கமிட்டி கேட்டபோது அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அடி என்னவோ அதற்கு முன்பும் விழுந்துகொண்டுதான் இருந்தது, இத்தனை நாள் வீணாகப் போனது இப்போது பிரயோசனப்படுகிறது, அவ்வளவுதான். ஆண்கள் பெண்டாட்டிகளை அடித்தார்கள், செங்கல் சூளை மேஸ்திரி கூலிக்காரர்களை அடித்தார், வாத்தியார் பிள்ளைகளை அடித்தார், அந்தப் பிரம்படியில் மட்டும் ஒரே பருவத்தில் இருபத்தேழு சாண் ஏறியது. உயர்ந்த இடத்துக்குப் படி வேண்டும் என்று வந்தபோது, யார் அடி வாங்கினார்களோ அவர்களே தங்கள் அடிக்குரிய படியை வெட்டிக்கொள்ள வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தது, பிற்பாடு இது யார் படி என்று தகராறு வரக்கூடாது பாருங்கள். ஆகவே சாயங்காலங்களில் வீங்கிய கன்னமும் கட்டுப்போட்ட கையுமாக ஜனங்கள் உளியோடு மலை ஏறுவதும், அந்த வருஷம் பிறந்த பாறையில் டொக் டொக் என்று கொத்துவதும் ஊருக்கு வழக்கமாயிற்று.

ஒரு விஷயம் மட்டும் கமிட்டிக்குப் புரியவில்லை. தவசியின் இரண்டு மகன்களும் வரப்புத் தகராறில் காலையிலிருந்து உச்சி வரை மண்வெட்டிக் காம்பால் ஒருவரை ஒருவர் மாறி மாறி அடித்து, மண்டை உடைந்து, இருவரையும் கட்டிலில் தூக்கிப்போனார்கள், கடைசியில் அளந்து பார்த்தால் மலை நகக்கண் அளவுகூட உயர்ந்திருக்கவில்லை. கமிட்டி மூன்று நாள் கூடி யோசித்து, முரட்டு உடம்பில் விழுகிற அடி மலைக்குப் பிடிக்காது, பொறுமையான உடம்பில் விழுகிற அடியைத்தான் அது ஏற்கும் என்று கண்டுபிடித்தது. அன்றிலிருந்து சூளைப்பட்டியில் பொறுமைசாலி என்றால் ஒரு பட்டம். பொறுமைசாலிகளுக்கு வருஷத்துக்கொரு சால்வை, ரேஷன் கடையில் வரிசை கிடையாது, பஸ்ஸில் முன்சீட்டு. பெண் பார்க்கப் போகிறவர்கள் நிறத்தைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, பொறுமை எப்படி என்று கேட்டார்கள்.

மலை உயர உயர ஆட்கள் வந்தார்கள். முதலில் இரண்டாவது மலைக்கு அப்பால் ஏரி தெரிந்தது, பிறகு ரயில் பாதை தெரிந்தது, பிறகு மேற்கே இன்னொரு மாவட்டத்தின் தென்னந்தோப்புகள் தெரிந்தன. வீரணனுக்கு இப்போது நாளைக்கு நாலு கூட்டம். படிகள் ஏன் இப்படி ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருக்கின்றன என்று வந்தவர்கள் கேட்பார்கள், அவன் ஒளிக்காமல் சொல்வான், அவர்கள் அடப்பாவமே என்று சொல்லிவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

ஊரிலேயே அதிகப் படிகள் பவுனுத்தாயுடையவை. ஆறு வருஷத்தில் நூற்றுத் தொண்ணூறு. ஒவ்வொன்றும் எதற்கு விழுந்தது என்று அவளுக்குத் தெரியும், ஏறும்போது கால் தானாகச் சொல்லும்: இது குழம்பில் உப்புக் கூடியதற்கு, இது அம்மா வீட்டுக்குப் போகணும் என்றதற்கு, இது எதற்கென்றே இல்லாததற்கு. ஆனால் இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும், அவளுக்கு அதில் பெருமை இருந்தது. ஆறு சால்வையையும் மடித்துத் தகரப் பெட்டியில் வைத்திருந்தாள். வெளியூர்க்காரர்கள் இது யார் படி, இது யார் படி என்று கேட்டு, எல்லாம் அந்த அம்மா படி என்று தெரிந்து கையெடுத்துக் கும்பிடும்போது, வலித்த இடமெல்லாம் ஒரு நிமிஷம் வலிக்காமல் இருக்கும்.

அந்தப் பெருமையால்தான் அவள் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாவது வருஷத்துத் தை மாதத்தில் ஒரு காலை, அவள் உச்சியில் உட்கார்ந்து படி வெட்டிக்கொண்டிருந்தபோது, உட்கார்ந்த இடம் திடுக்கென்று ஒரு சாண் இறங்கிற்று. பக்கத்தில் இருந்த ராக்குவின் படியைக் காணோம், போன வாரம்தான் வெட்டியது, உளித்தடம்கூட மிச்சமில்லை. இறங்கி வந்து பார்த்தால் சூளைக்காரன் மனைவி ராக்கு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள், அவள் புருஷன் நெற்றியில் கைத்துணியை வைத்து அழுத்திக்கொண்டு, வழுக்கி விழுந்துவிட்டேன் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அடுப்புக்குப் பக்கத்தில் களி கிண்டுகிற துடுப்பு இரண்டாக உடைந்து கிடந்தது. பவுனுத்தாய்க்கு அந்தக் கணமே எல்லாம் விளங்கிவிட்டது. மலைக்குப் பொறுமை பிடிக்கும் என்பதெல்லாம் கமிட்டியின் கற்பனை, திருப்பிக் கொடுக்கப்படாத அடிதான் மலையாக நிற்கிறது, திருப்பிக் கொடுத்தால் இறங்கிவிடும். ராக்குவின் கையை ஒருமுறை பிடித்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்து சால்வைப் பெட்டியைத் திறந்து பார்த்து மூடினாள்.

அடுத்த வருஷம் ஆனி மாதம் உச்சியில் நின்று அளந்து பார்த்த தவசி, மேலத்தடத்து மலையைத் தாண்டிக் கடல் தெரிய இன்னும் நாற்பது சாண்தான் பாக்கி என்று அறிவித்தார். கடல் தெரிந்துவிட்டால் லாட்ஜ் வரும், தார் ரோடு வரும், மேலத்தடத்துக்காரன் மூஞ்சியில் கரி. ஆடிப் பெருக்கன்று, சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் கூடியிருக்க, ஒரே நாளில் நாற்பதையும் முடித்துவிடுவது என்று கமிட்டி தீர்மானித்தது. அடிக்கிற கை ராசியான கையாக இருக்க வேண்டும், ஆகவே வீரணன். வாங்குகிற உடம்பு ஊரிலேயே பொறுமையானதாக இருக்க வேண்டும், ஆகவே முத்திருளன்.

முத்திருளன் பவுனுத்தாயின் தம்பி. இருபத்துநாலு வயது, சின்னப் பிள்ளையில் அப்பா போனதிலிருந்து அவள் வளர்த்தவன், ஆடு மேய்க்கிறவன். குளவி கொட்டினால் குளவியைத் தட்டிவிடாமல் தான் நகர்ந்து உட்காருகிற பிறவி. ஆட்டை ஓட்டுவதற்குக்கூட அவன் கையில் கம்பு கிடையாது, முன்னால் நடந்துகொண்டே பேசிக்கொண்டு போவான், ஆடுகள் பின்னால் வரும். கமிட்டி கேட்டதும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு, கால் கிலோ மிட்டாயோடு அக்காவிடம் சொல்ல வந்தான். வியூ பாயிண்ட் பலகையில் தன் பேரை எழுதப் போகிறார்களாம்.

பவுனுத்தாய் மிட்டாய்ப் பொட்டலத்தை வாங்கினாள்.

"செத்துருவடா," என்றாள். "அவுக எடுத்து வச்சிருக்கிறது கருங்காலிக் கம்பு. நாப்பது தாங்காது."

"நாப்பதுதானக்கா," என்றான் அவன். "நீ நூத்தித் தொண்ணூறு வாங்கிருக்க. செத்தா போயிட்ட?"

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை, அவனுக்குக் கிண்டல் தெரியாது. அவளைப் பார்த்து வளர்ந்தவன், அவள் சால்வை வாங்கும்போதெல்லாம் முதல் வரிசையில் நின்று கைதட்டியவன். பவுனுத்தாய் அந்த மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள், நானே இவனைச் சாகப் பழக்கிவிட்டேன் என்று வாய்விட்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ராக்குவின் படி காணாமல் போனதைச் சொன்னாள், முதல் அடி விழுந்ததும் திருப்பி அடித்துவிடு, ஊரே அதோடு நிறுத்திவிடும் என்றாள். மச்சானையா என்று கேட்டு அவன் சிரித்தான். அவள் தவசியிடம் போனாள். மலை இறங்குவதைப் பற்றி நல்ல நாளும் அதுவுமாகப் பேசாதே என்று அவர் ஒற்றை விசில் ஊதி அனுப்பிவிட்டார். புருஷனிடம் சொன்னாள், காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், அவன் அவளை உதைத்தான், மலை ஒரு சாண் உயர்ந்தது, இனி முப்பத்தொன்பது போதும் என்று கமிட்டிக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். தவசி மட்டும் நாற்பது என்று நோட்டீஸ் அடித்தாகிவிட்டது என்றார்.

ஆடிப் பெருக்கன்று மலையடிவாரத்தில் ராட்டினம் போட்டிருந்தார்கள், கரும்புச் சாறு, பஞ்சு மிட்டாய், குலவைச் சத்தம். கடல் தெரிகிற கணத்தை முதலில் பார்க்க வேண்டும் என்று இருநூறு வெளியூர்க்காரர்கள் விடியற்காலையிலேயே ஏறி உச்சியில் நின்றார்கள். முத்திருளன் குளித்து, திருநீறு பூசி, சட்டையைக் கழற்றி மடித்து அக்காவிடம் கொடுத்துவிட்டு, டீக்கடைக்கு எதிரே நட்டிருந்த கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். தவசி விசில் ஊதினார், வீரணன் அடித்தான்.

முதல் ஐந்து அடிக்கும் கூட்டம் எண்ணிக் கத்தியது. எட்டாவதில் தோல் பிளந்தது. பன்னிரண்டாவதில் ரத்தம் வேட்டி முனை வரை இறங்கி, பக்கத்தில் நின்ற கமிட்டிக்காரரின் வெள்ளைச் சட்டையில் தெறித்தது, அவர் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு அடிக்கும் மலை மூட்டை இறக்குகிற சத்தத்தோடு உயர்ந்தது, உச்சியில் இருந்தவர்கள் ஓவென்று கத்தினார்கள். பதினெட்டில் முத்திருளனின் முழங்கால் மடங்கிற்று, இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பிடித்தார்கள். இருபத்திரண்டில் விலா எலும்பு முறிந்த சத்தம் ராட்டினத்துச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. வீரணனுக்குக் கை ஓய்ந்தது, தண்ணீர் குடித்தான், மறுபடி அடித்தான், அடிக்க அடிக்க அவன் முகம் தூங்குகிறவன் முகம் போல ஆயிற்று. முப்பத்தொன்றில் முத்திருளனின் தலை தொங்கிவிட்டது. வாயிலிருந்து சிவப்பாக ஒரு நூல் தரை வரை தொங்கியது. உச்சியிலிருந்து யாரோ, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கத்தினார்கள். தவசி அடுத்த அடிக்கு விசிலை வாயில் வைத்தார்.

பவுனுத்தாய் தம்பியின் சட்டையை ராக்குவிடம் கொடுத்துவிட்டுப் போய், ஓங்கியிருந்த கம்பைப் பின்னாலிருந்து பிடுங்கினாள்.

"இது டீக்கடையில," என்று சொல்லி வீரணனின் தோளில் அடித்தாள்.

மலை ஒரு சாண் இறங்கிற்று. உச்சியிலிருந்த இருநூறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். இது அன்னைக்கே ரெண்டாவதா, அளந்து பாக்க என்று அடுத்ததை அடித்தாள். இது உப்புக்கு. இது எங்க அம்மா சாவுக்குப் போகவிடாததுக்கு. வீரணன் கையை ஓங்கினான், ஓங்கிய கையில் விழுந்தது, மணிக்கட்டு முறிந்தது, உட்கார்ந்துவிட்டான். கமிட்டிக்காரர்கள் அவளைப் பிடிக்க வந்தபோது ராக்கு சட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு கரும்புக் கட்டிலிருந்து ஒரு கழியை உருவினாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் சூளைக் கூலிக்காரர்கள், அவர்கள் தங்கள் மேஸ்திரியைத் தேடிக்கொண்டு ஓடினார்கள். அந்த மத்தியானம் சூளைப்பட்டியில் ராட்டினத்துக்கு அடியிலும், கோயில் வாசலிலும், ரேஷன் கடைக் கதவுக்குப் பின்னாலும் ஆறு வருஷத்து அடி முழுவதும் வந்த இடத்துக்கே திரும்பிப் போயிற்று. பற்கள் உதிர்ந்தன. வாத்தியார் மேஜைக்கு அடியில் பதுங்கியிருந்தார், பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்கு இரண்டு மூன்று என்று அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார்கள். மலை இறங்கிக்கொண்டே இருந்தது, தென்னந்தோப்பு மறைந்தது, ரயில் பாதை மறைந்தது, ஏரி மறைந்தது. உச்சியில் இருந்தவர்கள் கெட்டியாக ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, கடைசியில் நான்கு மலைகளின் முதுகையும் பார்த்தபடி வந்து நின்றார்கள்.

எவ்வளவு வேகமாக அடிக்கிறோம் என்பதை மலை பார்ப்பதில்லை, திருப்பிக் கொடுத்தால் போதும். பவுனுத்தாய் ஐம்பதுக்கு மேல் கம்பைப் போட்டுவிட்டுக் கையால் அடித்தாள், கை எரிந்தபோது செருப்பால் அடித்தாள், கடைசி இருபதையும் அழுதுகொண்டு கிடந்த வீரணனின் முதுகில் இரண்டு விரலால் தட்டினாள். தம்பிக்காகக் கெஞ்சி வாங்கிய உதையைக் காலால் தொட்டு முடித்தாள். நூற்றுத் தொண்ணூற்று ஒன்று. சாயங்காலம் ஊர் மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தபோது, குட்டைக் கொப்பரை பழையபடி குட்டையாக இருந்தது, அதன் உச்சியில் புதுப் பாறை ஒன்று மட்டும் மொட்டையாக நீட்டிக்கொண்டு நின்றது. முப்பத்தொரு சாண்.

முத்திருளனைக் கடைப் பெஞ்சில் குப்புறப் படுக்க வைத்து, மஞ்சள் அரைத்துப் பூசி, விலாவை வேட்டியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். உயிருக்குப் பயமில்லை என்று மருத்துவச்சி சொன்னாள். கஞ்சித் தண்ணீர் இரண்டு மிடறு குடித்துவிட்டு, ஆடுகளைப் பட்டியில் அடைத்தாகிவிட்டதா என்று கேட்டான். பவுனுத்தாய் அவனை உட்கார்த்தி வைத்துக் கருங்காலிக் கம்பைக் கையில் கொடுத்தாள். வீரணன் தானாகவே நகர்ந்து வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தான். கொடுத்துவிடுறா மாப்ள, முடிச்சுவிடு என்று அவன் கெஞ்சினான், அவனுக்கு அந்தப் பாறையை நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது. ஊர் சுற்றி நின்றது.

முத்திருளன் கம்பைப் பார்த்தான், மச்சானின் முதுகைப் பார்த்தான், கம்பைக் கீழே வைத்தான்.

"வேணாம்க்கா. அவுகளுக்கு வலிக்கும்."

விரலால் தொட்டால் போதும் என்று பவுனுத்தாய் சொன்னாள். முடியாது என்றான். முப்பத்தொரு தடவை தொடு, உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு எவனாவது மறுபடி உன்னைத்தான் தேடி வருவான் என்றாள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான், ரத்தம் காய்ந்த பல்லோடு, மிட்டாய் கொண்டுவந்த அன்று சிரித்த அதே சிரிப்பு. அவன் மேல் வைத்திருந்த பாசமும் பகல் முழுக்க அடக்கி வைத்திருந்த பயமும் ஆறு வருஷத்து ஆங்காரமும் ஒன்றாகச் சேர்ந்து அவள் கைக்கு வந்தன. எங்கேயிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பொறுமை கெட்டு, அவன் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள்.

மலையில் மூட்டை இறக்குகிற சத்தம் கேட்டது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் திரும்பவில்லை, அவளுக்குப் பார்க்கத் தேவையில்லை. முத்திருளன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, கை வலிக்குதாக்கா என்று கேட்டான். அவள் அவன் காலில் விழுந்தாள், அவன் கையை எடுத்துத் தன் கன்னத்தில் அறைந்துகொள்ளப் பார்த்தாள், அடுத்தவர் பிடித்து அடிக்கிற கை கணக்கில் சேராது, மலை அசையவில்லை. திருப்பி அடிடா சாமி, ஒண்ணே ஒண்ணு என்று விடிகிற வரை கெஞ்சினாள். அவன் எழுந்து ஆட்டுக்குத் தழை போடப் போய்விட்டான்.

சூளைப்பட்டிக்கு இப்போது அதிகம் பேர் வருவதில்லை. வழி தவறி வருகிறவர்கள் உச்சியிலுள்ள மொட்டைப் பாறையைப் பார்த்து எவ்வளவு உயரம் என்று கேட்பார்கள், ஊர்க்காரர்கள், முத்திருளனுக்கோ அவன் அக்காவுக்கோ சங்கடம் வேண்டாம் என்று, முப்பத்தொரு சாண் என்று சொல்வார்கள். டீ ஊற்றிக்கொண்டிருக்கிற பவுனுத்தாய் மட்டும் திருத்துவாள்.

"முப்பத்திரண்டு," என்பாள். "மேல இருக்குறது நான் அடிச்சது."